ஒலிக்காத எழுத்து

நுழையும்முன்

எழுத்து, கண்ணால் காண்பதற்கு மட்டும் உரியதன்று. காதால் கேட்பதற்கும் விரலால் தொட்டு உணர்வதற்கும் உரியது. அரசின் அறிவிப்புகளும் விண்ணப்பங்களும் தாளிலிருந்து திரைக்கு இடம்பெயர்ந்துவிட்ட இக்காலத்தில், அத்திரை எல்லார்க்கும் பொதுவாக இருக்கிறதா? பேருந்துப் பயணம் ஒன்றில் பழைய மாணவர் எழுப்பிய இவ்வினாவை அவருடைய தமிழாசிரியர் இங்கு நினைவுகூர்கிறார்.

பேருந்தில் ஒரு சந்திப்பு

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என ஊர்களைக் கடந்து செல்லும் அச்சாலையில் என் பணிக்காலத்தில் எத்தனையோ முறை சென்றுவந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு திங்கட்கிழமை காலையில் மேற்கொண்ட பயணம் மட்டும் என் நினைவில் தனித்து நிற்கிறது.

ஆசிரியர் பயிற்சி ஒன்றில் பங்கேற்கப் புறப்பட்ட நான், பேருந்தில் ஏறி நடத்துநரிடம், “விழுப்புரம் ஒன்று” என்றேன். முன் இருக்கையில் அமர்ந்திருந்த இளைஞர் சட்டெனத் திரும்பி, “அம்மா, நீங்கள்தானே?” என்றார். குரலைக் கொண்டே என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

அவர் மேல்நிலை வகுப்புகளில் என்னிடம் தமிழ் பயின்றவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வகுப்பில் முதல் வரிசையில் அமர்வார். நான் கரும்பலகையில் எழுதும்போது எழும் சுண்ணக்கட்டியின் ஓசையை உற்றுக் கேட்பார். “அம்மா, இன்னொரு வரி எழுதினீர்கள்; அதை வாய்விட்டுச் சொல்லவில்லையே” என்று நினைவூட்டுவார். எழுதுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே எழுதும் வழக்கத்தை எனக்குக் கற்பித்தவர் அவரே.

“இவ்வளவு காலையில் எங்கே, தம்பி?” என்றேன்.

“வேலைக்கான விண்ணப்பத்தில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது, அம்மா. திருத்துவதற்கு இன்றே கடைசி நாள். இணையத்தில் முடியவில்லை. அலுவலகத்தில் நேரில் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.”

“வீட்டிலிருந்தே செய்துகொள்ளத்தானே அதை இணையத்தில் வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டுவிட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. திறன்பேசியை எடுத்து, இயர்போனின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். “நீங்களே கேளுங்கள், அம்மா.”

மனிதர்தாமா நீங்கள்?

பார்வையற்றோர் கணினியையும் திறன்பேசியையும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் இயக்குகின்றனர். திரையில் விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்பதை அது குரலாக மாற்றிச் சொல்லும். அந்த விண்ணப்பப் பக்கத்தில் அவர் விரல் நகர நகர என் காதில் விழுந்தவை இவை: “பொத்தான்... பெயரிடப்படாத பொத்தான்... படம்... எழுதுமிடம்... எழுதுமிடம்...”

எதை எழுத வேண்டிய இடம்? பெயரையா, பிறந்த நாளையா? கண்ணுள்ளவர்க்கு ஒவ்வொரு கட்டத்தின் அருகிலும் அது தெரிகிறது. ஆனால், பக்கத்தை வடிவமைத்தவர் அப்பெயரைக் கட்டத்தோடு இணைத்து வைக்கவில்லை. ஆதலால், குரலுக்கு எல்லாக் கட்டங்களும் ஒன்றே.

இறுதியில் ஒரு படம் வந்தது. அதில் வளைந்தும் நெளிந்தும் கிடக்கும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்து, தாம் எந்திரம் அல்லர், மனிதரே என்று விண்ணப்பிப்பவர் மெய்ப்பிக்க வேண்டும். காதால் கேட்டு விடையளிக்கும் மாற்று வழி அங்கு இல்லை.

“கண் தெரியாதவன் மனிதன் இல்லை என்று எந்திரம் முடிவு செய்துவிட்டதோ, அம்மா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேறு வழியின்றி அவர் கணினி மையம் ஒன்றை நாடியிருக்கிறார். தம் கடவுச்சொல்லை முன்பின் அறியாத ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். குடும்ப வருமானம், சாதி, மாற்றுத்திறன் சான்றிதழின் விவரம் அனைத்தையும் வரிசையில் நின்றோர் கேட்கும்படி உரக்கச் சொல்ல நேர்ந்திருக்கிறது. தட்டச்சு செய்தவர் நல்லவர்தாம். எல்லாம் முடிந்ததும், வழக்கம்போல, “சரியாக இருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று திரையை அவர் பக்கம் திருப்பினாராம். பிறந்த ஆண்டு தவறாகப் பதிவானது அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து அச்சுப்படியைத் தங்கை படித்தபோதுதான் தெரிந்தது.

தொலைவைச் சுருக்குவதற்காக வந்தது இணையம். அவருக்கோ அது 40 கிலோமீட்டரைக் கூட்டியிருந்தது.

என் பிழை

அத்தளத்தை உருவாக்கியவர்கள்மீது எனக்குச் சினம் எழுந்தது. அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தேன். அவர் சற்றுத் தயங்கினார்.

“தவறாக எண்ணமாட்டீர்களே, அம்மா? பன்னிரண்டாம் வகுப்பில் நீங்கள் தந்த பாடக்குறிப்புகளை நான் ஒருநாளும் படித்ததில்லை.”

திடுக்கிட்டேன். அக்குறிப்புகளை இரவெல்லாம் அமர்ந்து தட்டச்சு செய்தவள் நான். கையால் எழுதிய சில பக்கங்களைப் படமெடுத்தும் சேர்த்திருந்தேன். அவருக்கெனத் தனியே விரலியில் பதிந்து கொடுத்ததை ஒரு நற்செயலாக எண்ணி உள்ளூர மகிழ்ந்துமிருந்தேன்.

அக்கோப்பை அவர் இன்னமும் வைத்திருந்தார். அதில் ஒரு சொல்லின்மீது நின்று, எழுத்தெழுத்தாகக் கேட்கச் செய்தார். “எம்... கே... அரைப்புள்ளி... கே... எச்...” என்றது குரல்.

“இது என்ன சொல், தம்பி?”

“நண்பன் திரையைப் பார்த்துச் சொன்னான். ‘அம்மா’ என்னும் சொல்தான், அம்மா.”

“அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே?”

“அவ்வளவு அன்போடு கொடுத்தீர்கள். படிக்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?”

பேருந்து விழுப்புரத்தை அடைந்தது. அலுவலகம்வரை உடன்வருவதாகக் கூறினேன். வெண்கோலை விரித்தபடி அவர் மறுத்தார். “இந்த வழி எனக்குத் தெரியும், அம்மா. தெரியாத வழி திரையில்தான் இருக்கிறது.”

ஒலிவடிவமும் வரிவடிவமும்

எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரண்டு உண்டு என்று இலக்கணத்தில் படித்திருக்கிறீர்கள். கணினியில் அவ்விரண்டையும் இணைப்பது எண். உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை வழங்கும் முறையே ஒருங்குறி. அதில் ‘அ’ என்பதன் எண் 2949. ‘ம’ என்பதன் எண் 2990. அவ்வெண்ணைக் கண்டால் திரை வரிவடிவத்தைக் காட்டும். திரைவாசிப்பான் ஒலிவடிவத்தைச் சொல்லும். பிரெயில் காட்சிப் பலகை, விரல் தொட்டுணரும் புள்ளிகளை எழுப்பும்.

நான் பயன்படுத்திய பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் அவ்வாறு அமைந்தவை அல்ல. அவை ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. ஆங்கில ‘எம்’ எழுத்தின் எண்ணாகிய 109ஐ இட்டால் கண்ணுக்கு ‘அ’ என்று தோன்றும். கணினியோ அதனை ‘எம்’ என்றே அறியும். பார்வைக்குத் தமிழ், உள்ளே தமிழில்லை. வருடியில் இட்டுப் படமாக ஏற்றப்படும் பக்கத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அதில் எண்ணே இல்லை. கருமையும் வெண்மையுமான புள்ளிகள் மட்டுமே உள்ளன. வரிவடிவம் இருக்கும், ஒலிவடிவம் இராது.

தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தமிழுக்கான தரக் குறியீடாக ஏற்று ஆணையிட்டது. எனினும், பழகிய கைகள் பழைய எழுத்துருவை எளிதில் விடுவதில்லை. என் கைகளும் விடவில்லை.

சட்டம் சொல்வது

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. இந்தியா அதனை 2007இல் ஏற்று உறுதி செய்தது. கட்டடம், போக்குவரத்து ஆகியவற்றோடு தகவல் தொழில்நுட்பமும் அனைவரும் அணுகத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பது அதன் கோட்பாடு.

இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009இல் வெளிவந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இவ்வுரிமையைச் சட்டமாக்கியது. 21 வகையான குறைபாடுகளை அச்சட்டம் ஏற்கிறது. இணையதளங்களில் இடும் ஆவணங்கள் மின்னூல் வடிவிலோ, எழுத்துகளை உணரத்தக்க பிடிஎஃப் வடிவிலோ இருத்தல் வேண்டும் என 2017இல் வந்த விதிகள் கூறின. வெறும் படமாக ஏற்றுவது அவ்விதிக்குப் பொருந்தாது.

‘செய்க’ என்னும் வியங்கோளுக்கும் ‘செய்தே ஆகவேண்டும்’ என்னும் கட்டளைக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் அறிவீர்கள். அவ்வேறுபாட்டையே உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் சுட்டிக்காட்டியது. அணுகல் நெறிகளைப் பரிந்துரை அளவில் விட்டுவைத்தல் சட்டத்தின் நோக்கத்திற்கு மாறானது; மீறக்கூடாத கட்டாய நெறிகளை வகுத்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று மற்றொரு தீர்ப்பு வந்தது. அமிலவீச்சுக்கு உள்ளானோரும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. வங்கிக் கணக்கு முதலியவற்றிற்கு அடையாளத்தை மெய்ப்பிக்கக் கண்ணிமைத்துக் காட்டுமாறு திரை கேட்கிறது. இமைக்க இயலாதவர் என்ன செய்வார்? எண்ணிம வழிகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று நீதிமன்றம் அறிவித்தது.

எளியவை சில

தளங்களைத் திருத்துவது பெருஞ்செலவு பிடிக்கும் பணி என்று பலர் எண்ணுகின்றனர். தேவையானவற்றுள் பல எளியவை. ஒவ்வொரு கட்டத்திற்கும் பொத்தானுக்கும் பெயரை இணைத்தல், படத்தின் பொருளைச் சொற்களால் சேர்த்தல், அறிவிப்புகளை ஒருங்குறியில் வெளியிடுதல் ஆகியவை தொடக்கத்திலேயே செய்யத்தக்கவை.

பார்வை மட்டுமன்று, செவித்திறன் குறைந்தோர்க்குக் காணொலியில் எழுத்துரை வேண்டும். சுட்டியைப் பிடிக்க இயலாத கையினர்க்கு விசைப்பலகையாலேயே எல்லாம் முடிதல் வேண்டும். “சிவப்புக் கட்டங்களைக் கட்டாயம் நிரப்புக” என்றால், நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர் திகைப்பார். ஓர் உடுக்குறியையும் சேர்த்தால் போதும். மெதுவாக இயங்குவோர்க்குக் காலநீட்டிப்பும், நீண்ட வாக்கியத்தில் தடுமாறுவோர்க்கு எளிய தமிழும் வேண்டும்.

சக்கர நாற்காலிக்கென அமைத்த சாய்தளத்தில் பெட்டியை இழுத்துச் செல்பவரும் மூட்டுவலி கொண்ட முதியவரும் நடப்பதைத் தொடர்வண்டி நிலையங்களில் காண்கிறோம். திரையும் அவ்வாறே. ஒருவருக்காகச் செப்பனிட்ட வழியில் பலர் நடப்பர்.

தெரிந்து தெளிவோம்

• இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951இல் ஏற்கப்பட்டது.
• என்.வி.டி.ஏ. என்னும் கட்டணமற்ற திரைவாசிப்பானை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் உருவாக்கத் தொடங்கினார். அவர் பார்வையற்றவர்.
• ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் நாள் உலக மாற்றுத்திறனாளிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மீண்டும் அச்சொல்

அன்று மாலை அவர் தொலைபேசியில் அழைத்தார். அலுவலர் ஒருவர் பொறுமையுடன் கேட்டு, தாளில் எழுதி வாங்கி, பிறந்த ஆண்டைத் திருத்தித் தந்தாராம். எனக்கு நிம்மதி. அவர் குரலில் நன்றி இருந்தது, நிறைவு இல்லை.

“உதவி வேண்டாம் என்று சொல்லவில்லை, அம்மா. நல்ல மனிதர் கிடைத்தால்தான் வேலை நடக்கும் என்றால், அது உரிமை ஆகாதே. யாரும் இல்லாதபோதும் என் விண்ணப்பத்தை நானே நிரப்ப முடியவேண்டும்.”

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் என் குறிப்புகள் அனைத்தையும் ஒருங்குறியில் மீண்டும் தட்டச்சு செய்தேன். படமாக இருந்த பக்கங்களையும் எழுத்தாக்கினேன். இன்று பாடநூல் குழுவில் ஒரு படத்தைச் சேர்க்க எண்ணும்போதெல்லாம், ‘இதனைக் காணாத மாணவருக்கு எச்சொற்களால் சொல்வோம்?’ என்று கேட்கிறேன். அக்கேள்விக்கு விடை தேடும்போது, அப்படம் அங்கு ஏன் இடம்பெறுகிறது என்பதும் எங்களுக்கே தெளிவாகிறது.

தட்டச்சு செய்து முடித்த கோப்பை அவருக்கு அனுப்பினேன். அவருக்குத் தேர்வு முடிந்து ஆண்டுகள் சென்றுவிட்டன. அக்குறிப்புகளால் இனிப் பயனொன்றும் இல்லை என்பதையும் அறிவேன். மறுநாள் ஒரு குரற்பதிவு வந்தது. அதில் அவர் பேசவில்லை. திரைவாசிப்பானின் எந்திரக் குரல் என் குறிப்பின் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தது. முன்பு ஐந்து துண்டுகளாக உடைந்து கேட்ட இடம் வந்தது. இம்முறை அக்குரல் தடுமாறவில்லை. ‘அம்மா’ என்று தெளிவாகச் சொன்னது.

கற்பவை கற்றபின்...

1. திறன்பேசியில் உள்ள திரைவாசிப்பானை இயக்கிக் கண்களை மூடிக்கொண்டு, அரசு இணையதளம் ஒன்றின் முதல் பக்கத்தைக் கேட்க. எவை புரிந்தன, எவை புரியவில்லை எனப் பட்டியலிடுக.

2. உங்கள் பாடநூலில் உள்ள படம் ஒன்றினை, அதனைக் காணாத ஒருவர் உணரும்வண்ணம் ஐந்து வரிகளில் எழுதுக.

3. உங்கள் பள்ளியின் அறிவிப்புகள் எல்லா மாணவர்க்கும் சென்றடைகின்றனவா? வகுப்பில் கலந்துரையாடித் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுக.