கூரை எங்கிருந்து வந்தது?

ஒரே பெயர், ஒரே 1798 சிசி இன்ஜின், ஒரே கதவு, ஒரே பானெட். ஆனால் ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறி ஓட்டினால், வேறொரு கம்பெனி செய்த வண்டியோ என்று தோன்றும். இங்கிலாந்துக்கு வந்து வேரூன்றிய பிறகு என்னிடம் வந்து சேர்ந்தவை, எம்ஜி கம்பெனியின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி இரண்டு. ஒன்று 1966-இல் வந்த ரோட்ஸ்டர், கேன்வாஸ் கூரையை மடித்துவிட்டால் தலைக்கு மேலே வானம்தான். மற்றது 1969-இன் ஜிடி, இரும்புக் கூரையும் பின்னால் தூக்கித் திறக்கும் கண்ணாடிக் கதவும் கொண்ட கூபே.

வித்தியாசம் எங்கே தெரிகிறது என்றால், சில்ட்ரி கிராமத்திலிருந்து லாம்போர்னுக்குப் போகிற பி4001 சாலையில் தெரியும். புல்மேடுகளுக்கு நடுவே ஏறி இறங்கி வளைந்து போகிற சாலை அது. பந்தயக் குதிரைகள் பழகும் ஊர் என்பதால் அவசரப்படாமல் ஓட்ட வேண்டும். ரோட்ஸ்டரின் முன்கண்ணாடிக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கம்பி இறுக்கி வைத்திருக்கிறது. பின்னால் பார்க்கும் கண்ணாடி அந்தக் கம்பியில்தான் மாட்டியிருக்கிறது. தார் பெயர்ந்த இடத்தில் சக்கரம் இறங்கும்போது அந்தக் கண்ணாடிக்குள் பின்னால் வருகிற வண்டி இரண்டாகத் தெரியும். ஸ்டியரிங் சக்கரம் உள்ளங்கையில் லேசாக நடுங்கும். அதே குழியில் ஜிடியை இறக்கினால் ‘டொக்’ என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். பின்கண்ணாடியில் தெரிகிற வண்டி அசையாமல் நிற்கும்.

பழைய வண்டிக்காரர்கள் கூடும் இடங்களில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: ஜிடி என்பது கூரை போட்ட ரோட்ஸ்டர், அதனால் கெட்டி, அதனால் கனம், அதனால் மெதுவு. எடை உண்மைதான். ஜிடி நூறு கிலோவை ஒட்டிக் கூடுதல் கனம், புறப்படும் வேகத்தில் ரோட்ஸ்டருக்குப் பின்தங்கும். ஆனால் கூரை காற்றை வழுக்கி விடுவதால், உச்ச வேகத்தில் இரண்டும் மணிக்கு நூறு மைலைச் சற்றே தாண்டி ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கூரையை யார் நினைத்தார்கள், யார் வரைந்தார்கள், ரோட்ஸ்டர் பிறந்தபோதே அது மனதில் இருந்ததா, பிறகு ஒட்டவைத்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. ரோட்ஸ்டரின் இடப்பக்கத் தகடு அரித்துப்போய் டிங்கரிங் வேலைக்குக் கொடுக்க வேண்டிவந்ததும் அதே சமயத்தில்தான்.

அதனால் தேடலின் முதல் பாடம் வண்டிக்கு அடியில் கிடைத்தது. டிட்காட் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதியவர், எம்ஜிபிகளை வெட்டி ஒட்டியே வாழ்க்கையைக் கழித்தவர், கதவுக்குக் கீழே ஓடும் சில் தகட்டை வெட்டுவதற்கு முன் வேறொரு வேலை செய்தார். கதவுச் சட்டத்தின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே குறுக்காக ஓர் இரும்புக் குழாயை வெல்டிங் செய்து நிறுத்தினார்.

“இதை வைக்காமல் வெட்டினால் என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு நீங்கள் ஆயுள் முழுக்க முயன்றாலும் கதவு சரியாகச் சாத்தாது.”

வெட்டிய பிறகு உள்ளே காட்டினார். வெளியே தெரிகிற வளைந்த தகடு மேல்தோல் மட்டுமே. அதற்குள் செங்குத்தாக ஒரு தகடு, அதற்கு உள்ளே இன்னொரு தகடு, கீழே இவற்றைத் தாங்கிப் பிடித்து நீளவாக்கில் ஓடும் காசில் ரெயில். மூன்றும் சேர்ந்து ஒரு பெட்டியாகி, வண்டியின் முன் பாதியையும் பின் பாதியையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. குளிர்காலத்தில் சாலையில் தூவுகிற உப்பு அந்தப் பெட்டிக்குள் புகுந்து ஆண்டுக்கணக்கில் தின்றிருந்தது. விரலால் அழுத்தியபோது காசில் ரெயிலின் ஒரு பகுதி செதில் செதிலாக உதிர்ந்தது.

இவ்வளவு கனமான பெட்டி எதற்கு? அதற்கு முந்தைய எம்ஜிஏ வண்டிக்குத் தனியாகச் சேஸிஸ் இருந்தது. எடையை அது சுமந்தது, மேலே இருக்கிற உடல் சட்டை மாதிரி. 1956-இல் எம்ஜிஏவுக்கு ஒரு கூபேயும் வந்தது; கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேஸிஸுக்குக் கவலை இல்லை. 1962-இல் எம்ஜிபி வந்தபோது தனிச் சேஸிஸை விட்டுவிட்டார்கள். உடலே பாரம் தாங்க வேண்டும், அதுவும் கூரையின் துணை இல்லாமல். தலைமைப் பொறியாளர் சிட் எனெவரும் உடலை வரைந்த டான் ஹேட்டரும் இந்தச் சிக்கலுக்குக் கண்ட விடை அந்தச் சில் பெட்டிதான்.

இதை வழக்கமான கன்வர்டிபிள்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை மூடிய வண்டியாகப் பிறந்து பிறகு தலை வெட்டப்பட்டவை. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை கார்மன் நிறுவனம் 1949-இலிருந்து கன்வர்டிபிளாக்கியது. கூரையை எடுத்த குறையைத் தீர்க்கக் கீழே இரும்பைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் 1975-இல் கூபேயாக வந்தது, முழுக் கன்வர்டிபிள் 1988-இல்தான். திறந்த வண்டிதான் அங்கே கனம். எம்ஜிபியில் வரிசை தலைகீழ். திறந்த வண்டி முதலில் பிறந்து, தன் பாரத்தைத் தானே தாங்கக் கற்றுக்கொண்டது. பிறகு கூரை வந்தபோது கீழே இருந்த பலத்தைக் குறைக்கவில்லை, அதன்மேல் இன்னொரு பலத்தை வைத்தார்கள். சாலையில் ஜிடி அசையாமல் நிற்பதன் ரகசியம் இதுதான் என்று நான் நம்புகிறேன். கூரை இல்லாமலே நிற்கக் கட்டிய வண்டிக்குக் கூரையும் கிடைத்திருக்கிறது.

பலத்துக்கு விடை கிடைத்தது. யோசனை யாருடையது என்பதற்கு அபிங்டனுக்குப் போக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே தேம்ஸ் ஓரத்தில் இருக்கும் சின்ன ஊர் அது. எம்ஜி ஆலை 1980 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. இன்று மார்ச்சம் சாலைப் பக்கம் போனால் ஆலையின் வாசனைகூட இல்லை, வேறு கட்டடங்கள் எழுந்துவிட்டன. ஊர் நடுவே பழைய கவுன்டி ஹால் அருங்காட்சியகத்துக்குள் மட்டும், கடைசியாக வெளிவந்த எம்ஜிபிகளில் ஒன்று நிற்கிறது. அபிங்டனில் உடல்கள் செய்யப்படவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பிரஸ்டு ஸ்டீல் நிறுவனம் செய்த உடல்கள் லாரியில் வரும். இன்ஜினும் அச்சும் பூட்டி ஓடவைப்பது அபிங்டன்காரர்கள் வேலை.

அந்த ஆலையின் பொது மேலாளர் ஜான் தார்ன்லி. 1930-இல் எம்ஜி கார் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1952-லிருந்து 1969 வரை ஆலையை நடத்தியவர். படித்த குறிப்புகளிலும் கேட்ட பேச்சுகளிலும், கூரை என்றதும் அவர் பெயர்தான் முதலில் வருகிறது. அவர் மனதில் இருந்தது ஆஸ்டன் மார்ட்டின் டிபி2/4. 1953-இல் வந்த அந்த வண்டிக்குப் பின்னால் தூக்கித் திறக்கிற கண்ணாடிக் கதவு, உள்ளே மடக்கிவிடக்கூடிய பின்சீட்டு, ஓடும் வேகத்தோடு கௌரவமான தோற்றம் எல்லாம் இருந்தன. விலைதான் சாமானியனுக்கு எட்டாதது. காற்றிலும் மழையிலும் நனைந்து ஓட்டும் இளவயது தாண்டி, ஆபீஸ் வாசலில் நிறுத்தினாலும் வெட்கப்பட வேண்டாத ஒரு எம்ஜி வேண்டும் என்பது தார்ன்லியின் ஆசை. ஏழையின் ஆஸ்டன் மார்ட்டின் என்று அவரே சொன்னதாக இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

இங்கே என்னை மிகவும் மகிழ்வித்த ஓர் இழை உண்டு. டான் ஹேட்டர் அபிங்டனுக்கு வருமுன் வேலை பார்த்த இடங்களில் ஒன்று ஆஸ்டன் மார்ட்டின். தார்ன்லி எந்த வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டாரோ, அந்தக் குடும்பத்து வண்டிகளின் வரைபலகையில் இருந்த கைதான் எம்ஜிபியின் உடலையும் வரைந்தது.

ஆனாலும் அபிங்டனில் போட்டுப்பார்த்த கூரை அழகாக வரவில்லை. காரணம் ரோட்ஸ்டரின் முன்கண்ணாடி. திறந்த வண்டிக்குத் தாழ்வான கண்ணாடிதான் எடுப்பு. அதே உயரத்திலிருந்து கூரையைத் தொடங்கினால், உள்ளே இருப்பவர் தலை இடிக்கும், வெளியே பார்ப்பவருக்கு வண்டி குனிந்து நிற்கும். 1964-இல் பெல்ஜியத்தில் ஜாக் கூன் என்பவர் தன் பொறுப்பில் எம்ஜிபிக்குச் சரிவான கூரை போட்டு, முன்மூக்கையும் மாற்றி விற்றார். அழகிய வண்டி அது, ஆனால் எம்ஜிபியின் முகம் அதில் இல்லை.

கடைசியில் தார்ன்லி விரும்பிய கூரையை வரையும் வேலை இத்தாலியின் டூரினுக்குப் போனது. எம்ஜியின் தாய்க் கம்பெனியான பிஎம்சி குழுமத்துக்கு, அங்கிருந்த பினின்ஃபரினா வடிவமைப்பு நிறுவனத்தோடு ஏற்கெனவே நல்ல பழக்கம். 1958-இன் ஆஸ்டின் ஏ40-யின் வடிவம் அவர்களுடையதுதான். டூரின்காரர்கள் முன்கண்ணாடியை உயர்த்தினார்கள். கூரையின் ஓரங்களை உருட்டாமல் மடிப்பு வைத்து விளிம்பு கொடுத்தார்கள். பக்கக் கண்ணாடிகள் அதற்கேற்ப உயர்ந்தன. இடுப்புக்குக் கீழே ஹேட்டர் வரைந்ததை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டார்கள். 1965 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் எம்ஜிபி ஜிடி என்று அது வெளிவந்தது.

இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு என் இரண்டு வண்டிகளையும் அருகருகே நிறுத்திப் பார்த்தேன். அளவு நாடாவே வேண்டாம். ரோட்ஸ்டரின் கண்ணாடி அலுமினியச் சட்டத்தில் தாழ்ந்து படுத்திருக்கிறது. ஜிடியின் கண்ணாடி உடலோடு ஒன்றாக எழுந்து நிற்கிறது, நடுவில் கம்பி இல்லை. மட்கார்டும் பானெட்டும் கதவும் அதே அச்சில் வந்தவை. கதவைச் சாத்தினால் கேட்கிற சத்தம் மட்டும் வேறு. அழகில் எனக்கு ரோட்ஸ்டர் ஒரு படி கீழேதான், அதிலும் கேன்வாஸ் கூரை ஏற்றிய நிலையில் இரண்டு படி கீழே. பலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். கூரைக்காகவே பிறந்த கோடு மாதிரி அந்த இடுப்புக் கோடு ஜிடியில்தான் முடிவுக்கு வருகிறது.

ஓட்டும் சுகத்தில் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஜிடிக்கு முன்பக்கம் ஆன்ட்டி ரோல் பார் வழக்கமாகவே வந்தது. சத்தம் குறைந்த பின்அச்சும் முதலில் ஜிடிக்குத்தான் கிடைத்தது, ரோட்ஸ்டருக்கு 1967-இல். பின்னால் எடை கூடியதால் ஈரமான வளைவுகளில் ஜிடியின் வால் அடக்கமாக இருக்கும். பின்சீட்டில் குழந்தைகள் மட்டுமே உட்காரலாம், ஆனால் அதை மடக்கினால் ஒரு வாரப் பயணத்துக்கான சாமான் முழுக்க உள்ளே போகும். ரோட்ஸ்டரில் இவை எதுவும் இல்லை. மே மாதத்தில் லாம்போர்ன் மேட்டில் ஏறும்போது வெட்டிய புல்லின் மணமும் வானம்பாடியின் குரலும் உள்ளே வரும். என் 1966 வண்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகு போட்டால்தான் சத்தமில்லாமல் விழும். அந்த நிதானமும் ரோட்ஸ்டரோடு சேர்ந்த இன்பம்.

தேடத் தேட இன்னொரு கேள்வி வந்தது. 1973-இலிருந்து 1976 வரை ரோவரின் 3.5 லிட்டர் வி8 இன்ஜினை வைத்து ஆலையே வண்டி செய்தது. 2591 வண்டிகள், அத்தனையும் ஜிடி. கென் காஸ்டெல்லோ என்ற தனிமனிதர் அதற்கு முன்பே ரோட்ஸ்டர்களிலும் வி8 பூட்டி விற்றுக்கொண்டிருந்தார், எனவே முடியாத காரியம் அல்ல. கூடுதல் முறுக்குவிசைக்குக் கூரையோடு கூடிய உடல்தான் பாதுகாப்பான தேர்வு என்று ஆலை எண்ணியிருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. என் பி4001 அனுபவமும் அதையே சொல்கிறது. திறந்த உடலில் கம்பெனியே செய்த வி8 கிடைக்க 1992-இன் எம்ஜி ஆர்வி8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவற்றில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போனது.

அமெரிக்காவில் கதை வேறு விதம். திறந்த வண்டிகளைப் பாதுகாப்புச் சட்டம் ஒழித்துவிடும் என்ற பயம் அப்போது இருந்தது. அதை நம்பியே, அதே குழுமத்தின் டிரயம்ஃப் டிஆர்7 கூரையோடு மட்டும் வரையப்பட்டது. அந்த டிஆர்7-க்கு இடம்விட எம்ஜிபி ஜிடியை 1974-ஓடு அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கினார்கள். தடை வரவே இல்லை. அங்கே ரோட்ஸ்டர் கடைசிவரை விற்றது. மொத்தம் 5 லட்சத்தைத் தாண்டிய எம்ஜிபிகளில் ஜிடி சுமார் 1,25,000 மட்டுமே. நல்ல வண்டிக்கு நடந்த அநியாயமாகவே இதை நினைக்கிறேன். இங்கிலாந்தில் அப்படி இல்லை. ஆலை மூடும்போது வந்த கடைசி 1000 சிறப்பு வண்டிகளில் வெண்கல நிற ரோட்ஸ்டர்களைவிட ஈயச் சாம்பல் நிற ஜிடிகளே அதிகம்.

ஆலை போனாலும் அச்சுகள் போகவில்லை. பழைய பிரஸ் அச்சுகளைத் தேடிச் சேர்த்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் 1988-இல் ரோட்ஸ்டருக்குப் புத்தம்புது உடலையே விற்கத் தொடங்கியது. என் வண்டிக்கும் அதையே வாங்கிவிடலாமா என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன்.

“பாதி வண்டி நன்றாக இருக்கும்போது ஏன் தூக்கி எறிகிறீர்கள்? காசில் ரெயிலை மாற்றினால் இன்னும் ஒரு தலைமுறை ஓடும்.”

மாற்றினார். குறுக்குக் குழாயை அறுத்து எடுத்துவிட்டுக் கதவைச் சாத்திப் பார்த்தோம். சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருந்தது. ஜிடியையும் அன்றே ஜாக்கியில் ஏற்றி டார்ச் அடித்தார். கூரை இருப்பதால் வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல், அதன் இடப்பக்கச் சில்லும் உள்ளே அரிக்கத் தொடங்கியிருக்கிறது. குளிர்காலம் முடிந்ததும் அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.