எல்லா விளக்கும் சேர்ந்து எரிந்தால்

நவம்பர் 3

மீட்டர் போர்டில் ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், ஏர்பேக், பேட்டரி என நான்கைந்து விளக்குகள் ஒன்றாக எரிந்தால், காருக்கு நான்கைந்து கோளாறு வந்துவிட்டதாகத்தான் மனம் கணக்குப் போடுகிறது. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டும் பல நேரங்களில் அதே கணக்குத்தான்: விளக்குக்கு ஒரு சென்சார். இந்தக் கணக்கு தலைகீழ் என்பது என் கட்சி. ஒரே தெருவில் பத்து வீட்டிலும் கரண்ட் போனால் பத்து வீட்டு ஃபியூஸையா கழற்றிப் பார்ப்போம்? தொடர்பில்லாத பாகங்கள் ஒரே நொடியில் சேர்ந்து கெடுவது அபூர்வம். அவை எல்லாவற்றுக்கும் பொதுவானது 12 வோல்ட் சப்ளையும், அதைச் சுமக்கும் கேபிளும், திரும்பி வரும் எர்த்தும்தான். ஏபிஎஸ் யூனிட் தனக்கு வரும் வோல்ட்டேஜைத் தானே கவனித்துக்கொண்டிருக்கிறது. அது சுமார் 9, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், அரைகுறை மின்சாரத்தில் பிரேக்கில் கை வைப்பதைவிட ஒதுங்குவதே மேல் என்று தன்னை நிறுத்திக்கொண்டு விளக்கைப் போடும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது அதன் மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுப்பதால், கேபிள் பழுது முதலில் அங்கே தலைகாட்டுவதும் உண்டு. பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் இணைப்பில் யூனிட்டுகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று பேச்சை நிறுத்தினால் மற்றவையும் ‘தகவல் வரவில்லை’ என்று ஆளுக்கொரு விளக்கை ஏற்றும். குறை ஒன்று, முறையிடுபவர்கள் பலர்.

நவம்பர் 5

பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கைப் பார்த்ததும் பேட்டரியை மாற்றுவது இன்னொரு பழக்கம். அந்த விளக்குக்குப் பேட்டரியின் ஆயுளைப் பற்றி ஒன்றும் தெரியாது. சார்ஜ் ஏறவில்லை என்பதுதான் அதன் ஒரே செய்தி. பழைய வண்டிகளில் அந்த பல்பின் ஒரு முனை இக்னிஷன் சுவிட்சிலும் மறுமுனை ஆல்டர்னேட்டரிலும் இருக்கும். எஞ்சின் ஓடி இரு பக்கமும் வோல்ட்டேஜ் சமமானதும் பல்பு அணையும். பெல்ட் அறுந்தாலும், ஆல்டர்னேட்டர் பின்னால் நட்டு தளர்ந்தாலும், சார்ஜிங் ஒயரை எலி கடித்தாலும் எரிவது இதே விளக்குதான். ‘புது பேட்டரி போட்டதும் சரியாகிவிட்டதே’ என்பார்கள். சரியாவது உண்மை, சொல்லப்படும் காரணம்தான் ஐயத்துக்குரியது. பேட்டரியை மாற்றுபவர் டெர்மினலைக் கழற்றுகிறார், பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையும் பச்சைக் களிம்பையும் சுரண்டுகிறார், கிளாம்ப்பை இறுக்குகிறார். பாதி வைத்தியம் ஸ்பேனரிலேயே முடிந்துவிடுகிறது. பழைய பேட்டரியோடே அதைச் செய்துபார்த்திருந்தால் எது நோய் என்பது தெரிந்திருக்கும். பேட்டரி கடைக்காரர் அதைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

நவம்பர் 9

ஒயர்தான் குற்றவாளி என்றால் மல்டிமீட்டர் ஏன் பிடிப்பதில்லை? அளக்கும் நேரம் தவறு என்பதே காரணம். வண்டி ஓய்ந்திருக்கையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். கேபிளில் பாதி இழைகள் அரித்துப்போய், கிளாம்ப்புக்கு அடியில் களிம்பு ஏறி 0.02 ஓம் தடை உருவாகியிருந்தாலும் அதே 12.6 தான் தெரியும்; மின்னோட்டமே இல்லாதபோது இழப்பு எங்கிருந்து வரும்? பார்க்கிங் விளக்குக்காக ஓர் ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.02 வோல்ட், யாருக்கும் தெரியாது. செல்ஃப் எடுக்கையில் 150 ஆம்பியர் ஓடினாலோ அதே இணைப்பு 3 வோல்ட்டை விழுங்கிவிடும். அந்த நேரத்தில் அங்கே எரியும் சக்தி 450 வாட். செல்ஃப் அடித்தபின் கிளாம்ப் சுடுவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆகவே அளவை ஓட்டத்தின்போதே எடுக்க வேண்டும்: மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்தில் (கிளாம்ப்பில் அல்ல), மறுமுனை எஞ்சின் உடம்பில், ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் பழுது. பாசிட்டிவ் பக்கம் கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டர் வரை அரை வோல்ட் வரை பொறுக்கலாம். எஞ்சின் ஓடுகையில் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை தெரிவது வழக்கம். புதிய வண்டிகளில் சார்ஜிங்கைக் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைப்பதால், சற்று நேரம் 12.8 காட்டினாலும் ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்லிவிட முடியாது. கழற்றும் வரிசையும் முக்கியம்: நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். மாறிச் செய்தால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டவுடன் பேட்டரி ஷார்ட் ஆகும்.

நவம்பர் 12

ஸ்கேனர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அது காட்டும் கோளாறுக் குறியீட்டை, அதாவது கோடை, படிப்பது அவசியம்தான். பி 0562 என்று வந்தால் சிஸ்டம் வோல்ட்டேஜ் குறைவு என்று அதுவே சொல்லிவிடும். யு என்ற எழுத்தில் தொடங்கும் கோடுகள் வரிசையாக வந்தால் யூனிட்டுகளுக்கிடையே பேச்சு அறுந்திருக்கிறது என்று அர்த்தம். என் ஆட்சேபம் படிப்பதில் அல்ல, படித்த கையோடு அழிப்பதில். விளக்கு அணைந்ததும் வேலை முடிந்ததாகிவிடுகிறது. கோடு பதிவான கணத்தில் வோல்ட்டேஜ் எவ்வளவு இருந்தது என்ற சாட்சியமும் பல வண்டிகளில் அதோடு போய்விடுகிறது. ‘வீல் சென்சார் சிக்னல் இல்லை’ என்ற கோடு சிக்னல் வராததை மட்டுமே சொல்கிறது. சென்சார் செத்ததா, ஒயர் அறுந்ததா என்பது அதற்குத் தெரியாது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: எல்லாவற்றையும் ஒயர் தலையில் போட்டுவிட்டு, உண்மையிலேயே கெட்ட பிரேக்கோடு ஒருவர் ஓட்டிப்போனால்? நான் பேசுவது சோதிக்கும் வரிசையை. விளக்கை அலட்சியம் செய்வதை அல்ல. ஆயில் பிரஷர், பிரேக், எஞ்சின் சூடு ஆகியவற்றின் சிவப்பு விளக்குகள் எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி நிறுத்தியாக வேண்டும். தனியாக ஒரே விளக்கு, வோல்ட்டேஜும் சரி என்றால் அந்தப் பாகத்தையே சந்தேகிக்கலாம். ஏர்பேக் ஒயரில் மல்டிமீட்டர் முனையை வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே பையை வெடிக்கவைக்கும் அபாயம் உண்டு. அந்த கனெக்டர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும்.

நவம்பர் 16

மழைக்கு ஒதுங்கி எஞ்சின் சூட்டைத் தேடி வரும் எலிக்கு வெட்டுப்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கிறது; கொறித்துத் தேய்ப்பது அதன் இயல்பு. முழுதாக அறுத்துவிட்டால் கூட நல்லது, உடனே தெரிந்துவிடும். பாதி கடித்த ஒயர்தான் தொல்லை: ஈரம் ஏறி, செம்பு பச்சையாகி, வாரங்கள் கழித்து ஒரு விளக்காக முளைக்கும். அதன்மேல் டேப் மட்டும் சுற்றுவது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதுதான். பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டி, ஒழுங்காக இணைத்து, சூட்டில் சுருங்கும் டியூபை ஏற்ற வேண்டும். மின்சாரக் கார் வந்தால் இந்தப் பேச்சு தீர்ந்துவிடும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: அதிலும் பெரும்பாலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் காண்டாக்டர்கள் அதன் மின்சாரத்தில்தான் மூடுகின்றன. அதன் டெர்மினல் தளர்ந்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் விழிக்காது. செல்ஃப் அங்கே இல்லாவிட்டாலும், அந்தச் சிறிய பேட்டரியின் கேபிளையும் மின்னோட்டம் ஓடும்போதே அளக்கலாம். ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் மட்டும் போகக் கூடாது. அதில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட், அதற்கென்று பயிற்சி பெற்றவர்களின் வேலை.