தார் ரோடு முடியும் இடம் வரை

கார்த்திகை மாதம் இரண்டாவது வாரம். மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்த மழை ஓய்ந்து, ஒரு நாள் நல்ல வெயில் அடித்திருந்தது. கடம்பூர் பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவருக்கு அன்று அவசரம். மக்காச்சோளத்துக்கு மேலுரம் போட வேண்டும், ஈரம் இருக்கும்போதே போட வேண்டும். ஆட்கள் காட்டுக்குப் போய்விட்டார்கள். லோடு ஆட்டோக்காரர் போனில், "நாளைக்கு வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். வீட்டு வாசலில் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத கார் நின்றது. டிக்கியைத் திறந்து 45 கிலோ யூரியா மூட்டை இரண்டை ஏற்றினார்.

திண்ணையில் இருந்த அவருடைய தகப்பனார் எழுந்து வந்தார். "ஏலே, கரிசலுக்குள்ள எறக்காத. மேலதான் காஞ்சிருக்கு, உள்ள சோறு மாதிரி கெடக்கும்."

"இது உசரமான வண்டிய்யா. ஒண்ணும் ஆகாது."

தார் ரோட்டிலிருந்து காட்டுக்கு நானூறு மீட்டர் வண்டிப்பாதை. முதல் நூறு மீட்டர் சரளைக்கல் போட்ட இடம், வண்டி சுகமாகப் போனது. அதற்கப்புறம் ஸ்டியரிங் லேசானது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் ஏறியதே தவிர வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தார். முன்சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றித் தங்களுக்குத் தாங்களே குழி பறித்துக்கொண்டன. சற்று நேரத்தில் பாதையின் நடுமேட்டில் வண்டியின் அடிவயிறு உட்கார்ந்துவிட்டது. உயரமான வண்டியின் உயரமெல்லாம் குழிக்குள் போய்விட்டது.

அந்த இரண்டரை மணி நேரத்தில் அவர் தெரிந்துகொண்டதை, இந்த மாதிரிக் கார் வாங்க நினைக்கிற கரிசல்காட்டுக் குடும்பங்கள் கொஞ்சம் கேட்டுக்கொள்வது நல்லது. எந்தக் கம்பெனி வண்டி என்பது முக்கியமில்லை. இந்த விலையில் வரும் சின்ன எஸ்யூவிகள் அநேகமாக எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இந்த வண்டிகள் ஜீப் மாதிரித் தெரியும். ஆனால் என்ஜின் சுழற்றுவது முன்சக்கரம் இரண்டை மட்டும்தான். டிக்கியில் மூட்டை, பின்சீட்டில் ஆட்கள் என்று ஏற்றினால் பாரம் பின்னால் இறங்கி முன்பக்கம் லேசாகிறது. இழுக்க வேண்டிய சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடுகிறது. ஹூண்டாய் எக்ஸ்டருக்கு 185 மில்லிமீட்டர், டாடா பஞ்சுக்கு 187, நிசான் மேக்னைட்டுக்கு 205 என்று தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியைக் கம்பெனிகள் 2025இல் சொல்லியிருந்தன. அந்த அளவு வண்டி காலியாக நிற்கும்போது எடுத்தது. ஐந்து பேர் ஏறினால் அதில் கொஞ்சம் குறையும். மண்ணோ கரிசல். தண்ணீர் குடித்தால் ஊதுகிற களிமண் அது. காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் மாவு மாதிரி ஒட்டும். டயரின் பள்ளங்களில் அந்த மண் அப்பிக்கொண்டால் புது டயரும் மொட்டை டயரும் ஒன்றுதான்.

சக்கரம் சுற்றத் தொடங்கியதும் காலை எடுத்திருக்க வேண்டும் என்பது அவர் சொல்லும் முதல் பாடம். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் சோளத்தட்டையோ பனைமட்டையோ திணித்து, இரண்டாவது கியரில் மெதுவாக எடுத்தால் ஆரம்பத்திலேயே தப்பிக்கலாம். சக்கரம் வழுக்கினால் என்ஜின் வேகத்தைத் தானாகக் குறைக்கும் கருவி இப்போதைய வண்டிகள் பலவற்றில் இருக்கிறது. சேற்றில் அதுவே எதிராளியாகும், அந்த நேரத்துக்கு மட்டும் பட்டனை அமுக்கி அணைத்துவிட வேண்டும். ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் திரும்பப் போட வேண்டும்.

பக்கத்துக் காட்டுக்காரர் டிராக்டரோடு வந்தார். அவரும் சேற்றில் இறங்கவில்லை. "எனக்கும் சேத்து யாரு இழுப்பா மாப்ள?" என்று கெட்டியான தரையிலேயே நின்றுகொண்டார். நீளக் கயிறு வந்தது. கயிற்றை எங்கே கட்டுவது? முன் பம்பரில் கட்டப் போனவரைத் தகப்பனார் தடுத்தார். கார் ஓட்டத் தெரியாத மனிதர், ஆனால் பிளாஸ்டிக்கில் கயிறு கட்டக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஜாக்கியோடு ஓர் இரும்புக் கொக்கி இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் மறையில் அதைத் திருகி மாட்டிவிட்டு, அதில்தான் கட்ட வேண்டும். வண்டி வாங்குகிற அன்றைக்கே இதை ஒருமுறை மாட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. சேற்றில் நின்றுகொண்டு தேடினால் கையெல்லாம் நடுங்கும்.

வண்டி வெளியே வந்தது. தகப்பனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யூரியா மூட்டையில் ஒன்றைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடக்கத் தொடங்கினார். எழுபது வயதுக்காரர். மகன் ஓடிப் போய் வாங்கிக்கொண்டார். அந்த நடைதான் இன்றைக்கும் உறுத்துகிறது என்கிறார் அவர்.

அப்படியானால் வாங்கியது தப்பா? அப்படியும் சொல்ல முடியவில்லை.

அவருடைய தாயாருக்கு முழங்கால் மடங்காது. பைக்கில் ஏற முடியாது, பஸ்ஸின் படியும் உயரம். கண்புரைக்குத் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தபோது, ரயில் நேரம் ஒத்து வராமல் வாடகைக் கார் பிடித்துத்தான் போனார்கள். தாழ்வான கார் என்றால் அந்த அம்மாவுக்குக் கிணற்றில் இறங்குகிற மாதிரி, பெரிய ஜீப் என்றால் ஏணி வேண்டும். இந்த வண்டியின் சீட் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. பின்னால் திரும்பி உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைத்தால் போதும். ஷோரூமில் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் தாயாரைத்தான் உட்காரவைத்துப் பார்த்தார். வாங்குவோர் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை அது. வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லையோ, அவர்கள் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும்.

வாங்கியது 2025 ஆயுத பூஜையை ஒட்டி. அந்தச் செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது, அதன் மேலிருந்த செஸ்ஸும் போனது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள் இருந்தால்தான் அது சின்ன கார். ப.சிதம்பரம் போட்ட 2006 பட்ஜெட்டில் வந்த அளவுகோல் அது. இந்த வண்டிகளெல்லாம் பின்னால் வெட்டிவிட்ட மாதிரி இருப்பதற்குக் காரணமும் அதுதான். "டிராக்டருக்கும் 12லேர்ந்து அஞ்சாக் கொறச்சிருக்காம்ல" என்று தகப்பனார் அப்போதே சொன்னார். அந்தப் பேச்சு வீட்டில் இரண்டு நாள் ஓடி, தாயாரின் முழங்காலில் வந்து முடிந்தது.

ஓட்டுவதற்கு வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. கோவில்பட்டிக்குப் போகிற வழியில் ஊருக்கு ஊர் போட்டிருக்கும் வேகத்தடைகளில் அடி தட்டுவதில்லை. பள்ளத்தில் இறங்கினால் உடம்பு குலுங்குகிறது, ஆனால் 'டங்' என்று இடிப்பதில்லை. நான்குவழிச் சாலையில் எண்பதில் போனால் அமைதி. ஐந்து பேரோடு ஏ.சி.யும் போட்டுக்கொண்டு லாரியைத் தாண்ட நினைத்தால் மட்டும் மூன்றாவது கியருக்கு இறக்க வேண்டும், மூன்று சிலிண்டர் என்ஜின் கொஞ்சம் முனகும். ஆட்களோடு ஏறிப் பார்க்காமல், விற்பனைப் பையன் ஒருவனை மட்டும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது.

ஷோரூமில் யாரும் சொல்லாத விஷயங்கள் வேறு இருக்கின்றன. வேலிக்கருவை முள் முதல் மாதத்திலேயே இரண்டு பஞ்சர் கொடுத்தது. டியூப் இல்லாத டயர் என்பதால் காற்று மெல்லத்தான் இறங்கியது. இப்போது பஞ்சர் ஒட்டும் கிட்டும் சின்னக் காற்றடிக்கும் மெஷினும் டிக்கியிலேயே கிடக்கின்றன. பாதையின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் அதே கருவை, கதவில் கோடு கிழித்துவைத்திருக்கிறது. தை மாதம் மக்காச்சோளம் வீட்டில் குவிந்ததும் எலிகள் வந்தன. சோளம் தின்ற எலி, ராத்திரி என்ஜின் சூட்டில் போய்ப் படுத்து வயரையும் கடித்தது. சோளக் குவியலை விட்டுத் தள்ளி நிறுத்தி, ராத்திரியில் பானெட்டைத் திறந்துவைத்த பிறகு தொல்லை குறைந்திருக்கிறது. அப்புறம் மயில். கண்ணாடியில் தெரியும் மயிலோடு சண்டைக்கு வருகிறது. பக்கக் கண்ணாடி இரண்டுக்கும் உரச்சாக்கை வெட்டி உறை போட்டிருக்கிறார் அவர் மனைவி. ஏழெட்டு லட்ச ரூபாய் வண்டி, யூரியாச் சாக்குத் தொப்பி போட்டு நிற்பது பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பூச்சிமருந்தை மட்டும் இந்த வண்டியில் ஏற்றுவதில்லை என்று அவர் உறுதியாக இருக்கிறார். ஜீப்பின் திறந்த பின்பக்கம் வேறு, இது ஒரே அறை. டிக்கியில் வைத்த மருந்தின் வாடை ஏ.சி. போட்டால் முன்சீட்டுப் பிள்ளைவரைக்கும் சுற்றிச் சுற்றி வரும். டப்பா கசிந்தால் கேட்கவே வேண்டாம். அதேபோல, ஊரில் யாராவது, "டீசல் போட்டுத் தாரேன், வாடகையும் தாரேன்" என்று கேட்டாலும் கொடுப்பதில்லை (அவருடையது பெட்ரோல் வண்டி என்பது வேறு விஷயம்). வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது.

இனிக் கணக்கு. ஒரு நோட்டுப் போட்டு, டேங்கை நிரப்பி நிரப்பிக் குறித்துவருகிறார். உள்ளூர் ஓட்டத்தில் லிட்டருக்குப் பதின்மூன்று, பதினாலு கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் பதினேழு. கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் பெட்ரோலுக்கே போகிறது, பைக்குக்கு இரண்டு ரூபாய். அதனால் கடைக்கும் காட்டுக்கும் இன்னமும் பைக்தான். நெல்லைக்கு அடிக்கடி போகிறவர்கள் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் (2025இல் அதன் விலை 3,000 ரூபாய்) எடுத்தால் 200 தடவை டோலைத் தாண்டலாம். இவருக்கு அத்தனை தடவை வராது, எடுக்கவில்லை.

பெட்ரோலைவிடப் பெரிய செலவு தவணை. ஆறு லட்சம் கடன், ஒன்பதரை சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 12,600 ரூபாய். ஏழு வருடமாக நீட்டினால் 9,800 ஆகக் குறையும், ஆனால் மொத்த வட்டி 1,56,000 என்பது 2,24,000 ஆகிவிடும். இவர் ஐந்து வருடமே எடுத்தார். வருடத்துக்கு 1,51,000 ரூபாய். 2025-26இல் உளுந்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800. அந்த விலையே கிடைத்தாலும் வருடத்துக்கு 19 குவிண்டாலுக்கு மேல் உளுந்து காருக்கே போக வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு இரண்டு மூன்று குவிண்டால் எடுப்பவர்கள் இதைத் தங்கள் நிலத்தோடு பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

அதைவிடச் சிக்கல், வெள்ளாமைப் பணம் தை, மாசியில் ஒரே தடவை வருகிறது, தவணையோ ஐந்தாம் தேதி தவறாமல் வருகிறது. புரட்டாசி விதைப்பும் ஐப்பசிக் களையெடுப்பும் கையைக் கடிக்கிற மாதங்களிலும் வரும். மூன்று கறவை மாடுகளின் பால் பணத்தைத் தவணைக்கென்றே ஒதுக்கிவிட்டார் அவர் மனைவி. அது போதாத மாதம் கிடாய்க்குட்டி ஒன்று சந்தைக்குப் போகிறது. டிராக்டர் கடனுக்கு அறுவடையை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒரு தவணை கட்டலாம். கார் கடனிலும் விவசாயிகளுக்கு அப்படிப் பிரித்துக் கொடுப்பவர்கள் சில இடங்களில் உண்டு, கேட்க வேண்டும். அவர் கேட்கவில்லை. விற்பனைப் பையன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது தெரிந்தது.

பங்குனியில் அவர் ஒரு வேலை செய்தார். தார் ரோடு முடிகிற இடத்தில், சொந்த நிலத்தின் ஓரத்திலேயே பதினைந்தடிக்குச் சரள் அடித்து, வண்டி நிறுத்த இடம் கட்டினார். இரண்டு லோடு ஆனது. மழைக்காலத்தில் வண்டி அதோடு நின்றுகொள்ளும், அங்கிருந்து மூட்டைக்குப் பைக், ஆளுக்கு நடை. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் தகப்பனார். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அவருக்குத்தான் தெரியும்.

வைகாசியில் தாயாருக்கு இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்தது. திரும்பி வரும்போது கடம்பூர் ஸ்டேஷன் பக்கம் நிறுத்தி போளி வாங்கினார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அம்மா முன்சீட்டிலிருந்து இறங்காமலே இரண்டு சாப்பிட்டார். "இன்னும் எத்தன தவண இருக்குலே?" என்று பின்சீட்டிலிருந்து தகப்பனார் கேட்டார்.

"எட்டு கட்டியாச்சுய்யா. அம்பத்திரெண்டு இருக்கு."

பெரியவர் கண்ணாடியை இறக்கி வானத்தைப் பார்த்தார்.