மை தொடாத இடம்

பேனாவும் மையும் கொண்டு பழங்கட்டடங்களை வரைவது பொறுமையின் கலை. பென்சில் கோட்டை அழித்துவிடலாம். இந்திய மையால் இட்ட கோடு இட்டதுதான். கூரையின் நிழலைக் காட்ட நூற்றுக்கணக்கான சிறு கோடுகளை அருகருகே இழைக்க வேண்டும். நிழல் மேலும் கறுக்க வேண்டுமாயின் அவற்றின் குறுக்கே மீண்டும் கோடுகள். வெளிச்சத்தையோ எந்த மையாலும் வரைய இயலாது. தாளில் மை தொடாது விட்ட இடமே வெளிச்சம்.

இளமையில் இக்கலையை ஓரளவு பயின்றிருந்தேன். கண்ணில் புரை வளரத் தொடங்கியதும், "இனி முடியாது" என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். சென்ற ஆண்டு என் மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்ந்தாள். ஒருநாள், "ஏற்காட்டில் நான் படித்த பள்ளியை இனி எங்கே பார்க்கப் போகிறேன்? நீங்களாவது வரைந்து தரக்கூடாதா?" என்று கேட்டாள். நான் கண்ணைக் காரணம் காட்டினேன்.

அன்றிரவு மனோகர் தேவதாஸின் நினைவு வந்தது. 1936-இல் மதுரையில் பிறந்த அவர், விழித்திரை மெல்ல மெல்ல அழியும் நோயினால், குழாய் வழியே பார்ப்பவர்போல் பார்வை குறுகியவர். 1972-இல் நேர்ந்த சாலை விபத்தில் அவர் மனைவி மகிமா கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2008-இல் மகிமா மறையும் வரை கணவரே அவரைப் பேணினார்; மதுரை, சென்னை நகரங்களின் பழங்கட்டடங்களை நுண்கோடுகளால் வரைந்தும் வந்தார். அச்சித்திரங்கள் வாழ்த்து அட்டைகளாகி அறப்பணிகளுக்கு உதவின. 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2022-இல் மறைந்தார். அவரை எண்ணியபோது என் சாக்குப்போக்கு எனக்கே நாணத்தைத் தந்தது.

மறுவாரம் சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலை ஏறினேன். குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரியர் 1894-இல் தொடங்கிய திரு இருதயப் பள்ளியின் எதிரே அமர்ந்து தாளை விரித்தேன். கூரையும் சாளரங்களும் உருப்பெற்று வரும் வேளையில் மூடுபனி இறங்கி, கட்டடத்தின் ஒரு பாதியை மறைத்துவிட்டது. நெடுநேரம் காத்திருந்தேன், பனி விலகவில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பாதித் தாளை வெறுமையாகவே விட்டு எழுந்தேன்.

குறையோடு கொண்டுவந்த படத்தைத் தயக்கத்துடன் அவளிடம் நீட்டினேன். வரைந்திருந்த சாளரங்களின் மீது அவள் பார்வை நிற்கவில்லை. வெறுமையாக விட்ட இடத்தை விரலால் தடவினாள்.

"பனி வந்துவிட்டதே! காலையில் நாங்கள் வரிசையாக நடந்து போகையில் இப்படித்தான் பாதிப் பள்ளி மறைந்திருக்கும். இதோ, இங்கேதான் என் வகுப்பு" என்றாள்.

நான் வரையாத இடத்தில் அவள் தன் பள்ளியைக் கண்டுகொண்டாள். படம் இப்போது அவள் கட்டிலின் எதிரே, பாடுபட்ட சுரூபத்தின் கீழே தொங்குகிறது. "நிறைவு செய்து தரட்டுமா?" என்று ஒருமுறை கேட்டேன். "அதில் இனி ஒரு கோடும் போட வேண்டாம், வேறொன்று வரையுங்கள்" என்றாள்.

வரைந்துகொண்டிருக்கிறேன்.