உப்பு வணிகர் வீட்டு உத்தரம்

ஹோங்சுன் ஊருக்குள் நாங்கள் நுழைந்தபோது மழை விட்டிருந்தது. சீனாவின் அன்ஹுய் மாநிலத்தில், ஹுவாங்ஷான் மலைப் பக்கம் உள்ள பழைய வணிகர் ஊர் அது. 2000இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. தெருவில் நின்று பார்த்தால் உயரமான வெள்ளைச் சுவர்கள்தான். வாங் திங்குய் என்ற உப்பு வணிகர் 1855இல் கட்டிய செங்ஜி தாங் வீட்டுக்குள் போன பிறகுதான், அந்தச் சுவர் எதை மூடி வைத்திருக்கிறது என்று தெரிந்தது.

முற்றத்தை ஒட்டி, தலைக்கு மேலே ஒரு பெரிய உத்தரம். நடுவில் பருத்து முனைகளில் வளைந்து இறங்கும் இந்த வடிவத்தை அங்கே வெண்பூசணி உத்தரம் என்கிறார்கள். பொருத்தமான பெயர். தாங் வம்சத்துப் பேரரசர் சூசோங் தம் அதிகாரிகளுக்கு அளித்த விருந்து அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஒரு மேசையில் இசை, ஒன்றில் பலகை ஆட்டம், மற்றவற்றில் எழுத்தும் ஓவியமும். ஆளுக்குப் பின்னால் மேசை, மேசைக்குப் பின்னால் தூண் என்று உளி அடுக்கடுக்காக உள்ளே போயிருக்கிறது. ஓர் ஓரத்தில் ஒருவன் தண்ணீர் கொதிக்க வைக்கிறான். இன்னோர் இடத்தில் காது குடையும் காட்சி. அரச விருந்தில் காது குடைபவரைச் செதுக்கும்படி எந்த முதலாளியும் சொல்லியிருக்க மாட்டார். அது உளி பிடித்தவரே எடுத்த முடிவு என்று நான் நம்புகிறேன். அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

பழைய சீனச் சமூக வரிசையில் அறிஞர், உழவர், கைவினைஞர் எல்லாருக்கும் கீழேதான் வணிகர். மிங் காலச் சட்டம், பதவி இல்லாதவரின் வீடு எவ்வளவு அகலம் இருக்கலாம், அதற்கு வண்ணம் பூசலாமா என்பதைக்கூடக் கட்டுப்படுத்தியது. இந்த வட்டாரத்து வணிகரின் பணம் மரச்செதுக்கலில் இறங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கீழே வைக்கப்பட்ட வணிகரின் ஆதங்கத்தை இந்த வீட்டின் பக்கவாசலிலும் பார்த்தேன். வாசல் மேலுள்ள மரவேலை, வணிகரைக் குறிக்கும் ‘ஷாங்’ என்ற எழுத்தின் வடிவில் இருக்கிறது. அந்த எழுத்தின் அடியில் இருக்க வேண்டிய சதுரம் மட்டும் இல்லை. கீழே ஆள் நடந்து போகும்போது அவரே அந்தச் சதுரமாகி எழுத்தை முடித்துவைக்கிறார். எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் இதே கதைதான்.

வௌவால் உருவங்களும் எங்கும் தென்படுகின்றன. வௌவாலின் சீனப் பெயரில் உள்ள ‘ஃபூ’ என்ற ஒலியும் நற்பேற்றைக் குறிக்கும் சொல்லும் ஒன்றுபோல ஒலிப்பதால் அதற்கு அங்கே மங்கல இடம்.

முற்றத்தின் வழியே வெயில் இறங்கியபோது உத்தரத்தில் நிழல்கள் நகரத் தொடங்கின. காலையில் தட்டையாகத் தெரிந்த முகங்கள் அப்போது எழுந்து நின்றன. அந்த வெளிச்சத்துக்காகவே செதுக்கிய வேலை இது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் இப்பகுதியின் பல வீடுகளில் உருவங்களின் முகங்களை மட்டும் வெட்டி எறிந்தார்கள். அப்படி வழவழவென்று மொட்டையாகிப்போன முகங்களையும் இந்தப் பயணத்தில் பார்த்தேன்.

திரும்பும் வழியில் ஒரு கடை வாசலில் பழைய செதுக்குக் கதவுகள் சுவரில் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து பெயர்த்து எடுத்தது. நீங்கள் போனால் அவற்றை வாங்காதீர்கள். அந்த நேரத்தையும் முற்றத்தில் நின்று, அண்ணாந்து பார்க்கச் செலவிடுங்கள்.