காற்றின் பெயர் பெற்ற கார்

மசெராட்டி கிப்லி எனக்கு முதலில் ஒரு சொல்லாகவே அறிமுகமாயிற்று. கடன்சொற்களை ஆராய்பவர்க்கு அது இயல்பே. கிப்லி, லிபியப் பாலைநிலத்தின் வெங்காற்று. 'தென்திசைக்குரியது' எனப் பொருள்தரும் அரபுச் சொல். 1911இல் இத்தாலி லிபியாவின்மீது படையெடுத்தது. அதனைத் தொடர்ந்த காலனிய ஆண்டுகளே இச்சொல்லை இத்தாலியர் நாவில் பழக்கின.

1966இல் டூரின் கண்காட்சியில் அது ஒரு காரின் பெயராயிற்று. கியா நிறுவனத்தில் பணியாற்றிய ஜார்ஜெட்டோ ஜுஜாரோ வரைந்த உருவம் அது: நீண்டது, நிலத்தோடு தாழ்ந்தது. எஞ்சினுக்கு அடியில் தேங்கும் எண்ணெயைத் தனிக்கலத்திற்கு மாற்றியமையால் எஞ்சினைத் தாழ்த்திப் பொருத்த முடிந்தது. முன்மூடியும் உடன் தாழ்ந்தது. அவ்வழகு இன்றும் குன்றவில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன்னரே அந்நிறுவனம் மிஸ்ட்ரால் என்னும் காற்றின் பெயரை மற்றொரு காருக்குச் சூட்டியிருந்தது. மிஸ்ட்ரால் அண்டை நாடான பிரான்சின் காற்று. கிப்லியோ ஆளப்பட்ட நிலத்தின் காற்று. காரின் பின்புறத்தில் பொறிக்கப்படுகையில் இரண்டும் இனிய ஒலிகள் மட்டுமே.

அகராதியில் ஒரு கடன்சொல்லுக்கு மூலமொழியைக் குறிப்பதோடு நாம் நிறைவடைகிறோம். 'அரபு' என்னும் ஒற்றைக் குறிப்பு, அச்சொல் வணிகரோடு வந்ததா, படையோடு வந்ததா என்பதைச் சொல்வதில்லை. வந்த வழியையும் பதிவுசெய்வது சொற்பிறப்பியலின் கடமை என்றே கருதுகிறேன்.