எட்டாவது அணைக்கட்டு

ஸ்ரீவைகுண்டத்தின் வரலாற்றைக் கேட்டால் ஊர்க்காரர்கள் முதலில் கள்ளபிரான் கோயிலைத்தான் சொல்வார்கள். நவதிருப்பதிகளில் ஒன்று, நம்மாழ்வார் பாடிய தலம். அடுத்து, பதினேழாம் நூற்றாண்டில் இங்கே பிறந்து காசி வரை போய் மடம் நிறுவிய குமரகுருபரர். அதற்கும் அடுத்து, மண்மதிலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண்களை அடைத்து வைத்திருந்த கோட்டை. அந்த மதிலை நினைத்தால் எனக்குப் பெருமை வருவதில்லை, மனசு கனக்கிறது.

நான் சொல்வதானால் அணைக்கட்டிலிருந்து தொடங்குவேன். தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று வரிசையாக இறங்கி வந்தால், மருதூருக்கு அடுத்து எட்டாவதாக நிற்பது இது. மற்ற ஏழும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு முந்தியவை. இது மட்டும் 1870-களில் பயன்பாட்டுக்கு வந்தது. வடகாலும் தென்காலும் இங்கேதான் பிரிகின்றன. வடகால் தண்ணீர் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற கோரம்பள்ளம் குளம் வரை போகிறது. இந்த அணையைத் தாண்டிய தண்ணீரை வாய்க்காலில் திருப்பிவிட இன்னொரு அணைக்கட்டு கிடையாது. புன்னைக்காயலில் கடல்தான்.

கடைசி அணை என்பதால் மேலே எடுத்தது போக மிச்சம்தான் நமக்கு. கார் நெல்லுக்குத் தண்ணீர் வருமா, பிசான நெல்லுக்காவது வருமா என்று அண்ணாந்து பார்த்தே பழகிய ஊர். அந்த மிச்சத்திலும் தூத்துக்குடி ஆலைகளுக்குக் குழாய் போட்டுக் கொண்டுபோனார்கள். '20 எம்.ஜி.டி.' (நாளுக்கு இரண்டு கோடி காலன்) என்றால் இங்கே வாழை போட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அணையின் மேல்புறம் நின்று பாருங்கள். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மணல்திட்டு. அதன் மேல் உடைமரம், ஓரமெல்லாம் அமலைச் செடி. தூர்வாரச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. 2015-ல் உத்தரவு வந்து வேலை தொடங்கியபோது, அள்ளுவது தூரா மணலா என்றே பெரிய சண்டையாகிவிட்டது.

2023 டிசம்பரில் ஆறு வேறு முகம் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் 17-ஆம் தேதி இரவு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றது. அதற்கு மேல் ஜல்லி அரித்துப்போய் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலில் சுமார் 800 பேர். பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீட்டைத் தண்ணீர் சூழ்ந்திருக்கும்போதே, இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். எந்தத் தலபுராணத்துக்கும் குறைந்ததில்லை அது.

அத்தனை வெள்ளமும் இந்த அணையைத் தாண்டித்தான் கடலுக்குப் போனது. அடுத்த கோடையில் கடைமடைக்காரர் மறுபடியும் மனு எழுதாமல் இருக்க வேண்டுமானால், அணைக்கட்டின் வாயில் கிடக்கும் தூரை முழுசாக அள்ள வேண்டும். அதைக் கேட்க எட்டுத் தலைமுறை பொறுத்திருக்க முடியாது.